வாசிகசாலை ஆவணங்களை எந்தப் பொதியில் கட்டி அனுப்புவது?

முத்தையன்கட்டுப் பக்கத்து வாசிகசாலை ஒன்றில் ஆவணங்களை ஸ்கான் செய்துகொண்டிருக்கும் தங்கச்சி ஒருவர் கேட்ட கேள்வி இது. கமக்காரர் அமைப்பின் பழைய கூட்டக் குறிப்பேடுகள், பாடசாலை விழாப் படங்கள், வற்றாப்பளைப் பொங்கல் படங்கள், வயது போன பெரியவர்களின் குரல் பதிவுகள் என்று ஏறத்தாழ 60 ஜிபி சேர்ந்துவிட்டது. வாசிகசாலையில் இருப்பது விண்டோஸ் 7 ஓடுகிற பழைய கணினி. பாடசாலைக் கணினிக் கூடத்தில் உபுண்டு லினக்ஸ். ரொறன்ரோவில் உள்ள ஊர்ச் சங்கத்தார் பாவிப்பது மக். ஊரில் மற்ற எல்லோரிடமும் அன்ட்ராய்ட் போன். பல கோப்புகளை ஒன்றாகக் கட்டுகிற பொதி வடிவங்களில் ஒருவர் ரார் என்கிறாராம், இன்னொருவர் 7ஸெட் என்கிறாராம், பல்கலைக்கழகத்தில் படிக்கிற தம்பி டார்-ஜிஸெட் தான் சரி என்கிறாராம். எதை வழமையாக வைத்துக்கொள்வது என்று கேட்கிறார்.

தங்கச்சி, பதிலை முதலே சொல்லிவிடுகிறேன்: ஸிப். ஆனால் வெறுமனே ஸிப் என்று சொன்னால் அது பாதிப் பதில்தான். ஸிப் என்ற பெயருக்குள் இன்றைக்குக் கனக்க விதங்கள் இருக்கின்றன. புதிய சுருக்க முறைகளைப் பாவித்தாலும் அதே ஸிப் என்ற பின்னொட்டோடுதான் கோப்பு வரும், பார்த்தால் வித்தியாசம் தெரியாது, திறக்கப் போனால்தான் தெரியும். ஆகவே நான் சொல்வது இந்த ஸிப்: டிஃப்ளேட் என்ற பழைய முறையில் சுருக்கியது, அல்லது சுருக்காமலே சேர்த்தது. பாஸ்வேர்ட் இல்லாதது. துண்டுகளாகப் பிரிக்காதது. உள்ளே உள்ள கோப்புப் பெயர்கள், எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யுனிகோடில், அதன் யூ.டி.எஃப்-8 முறையில் எழுதப்பட்டது. இந்த நாலும் சேர்ந்ததைத்தான் வழமையாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

ஏன் ஸிப் என்பதற்கு முதற் காரணம், பெறுகிறவர் ஒன்றும் நிறுவ வேண்டியதில்லை. விண்டோஸ் 2000ஆம் ஆண்டின் மில்லெனியம் பதிப்பிலும் 2001இன் எக்ஸ்பியிலும் ஸிப்பைத் தானாகவே திறக்கத் தொடங்கிவிட்டது. மக்கில் இரட்டைச் சொடுக்குப் போட்டாலே போதும். உபுண்டுவில் கோப்பு மேலாளரே திறக்கும். அன்ட்ராய்ட் போனில் கூகுளின் ஃபைல்ஸ் செயலி திறக்கும். ஐபோனில் 2019இல் வந்த ஐஓஎஸ் 13 முதல் ஃபைல்ஸ் செயலி திறக்கும். 7ஸெட்டையும் ராரையும் விண்டோஸ் 11 கூட 2023 கடைசியில் வந்த ஒரு புதுப்பிப்புக்குப் பிறகுதான் தானாகத் திறக்கிறது. உங்கள் வாசிகசாலைக் கணினி விண்டோஸ் 7. அந்த வசதி அதற்கு ஒருநாளும் வரப்போவதில்லை.

ஒரு செயலியை நிறுவுவது உங்களுக்கும் எனக்கும் சின்ன வேலை. ஆனால் பரந்தனிலோ மாங்குளத்திலோ இருக்கிற ஒரு அம்மா, தன் பிள்ளை படித்த பாடசாலையின் 1987ஆம் ஆண்டுப் படத்தைப் பார்க்க ஆசைப்பட்டு, கொமினிகேசன் கடைக்குப் போய் அந்தத் தம்பியிடம் போனை நீட்டுகிறார் என்று வையுங்கள். கடைக்காரத் தம்பிக்கு அது திறக்கவில்லை என்றால் "பழுதாப் போச்சு அம்மா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார். அவர் மேல் பிழையில்லை. அந்த அம்மா மறுபடி வரமாட்டார். வடிவத்தைத் தெரிவு செய்யும்போது நான் நினைப்பது அவரைத்தான்.

இரண்டாவது காரணம், ஸிப் யாருக்கும் தனிச்சொத்து இல்லை. பில் கட்ஸ் என்ற அமெரிக்க நிரலாளர் ஆர்க் என்ற முந்தைய வடிவத்தைப் பற்றிய வழக்கொன்றில் 1988இல் அகப்பட்டார். அதற்குப் பிறகு 1989இல் ஸிப்பை உருவாக்கியபோது, அதன் அமைப்பு எப்படி என்ற விபரக் குறிப்பை எல்லோருக்கும் திறந்து வைத்தார். யாரும் அதை வாசித்துத் தாங்களே ஸிப் திறக்கும் நிரல் எழுதலாம் என்பதால்தான் அது எல்லா இயங்குதளத்துக்கும் போய்ச் சேர்ந்தது. டிஃப்ளேட் சுருக்க முறையின் விபரமும் 1996இல் ஆர்.எஃப்.சி 1951 என்ற ஆவணமாக வெளிவந்தது. 2015இல் ஐ.எஸ்.ஓ/ஐ.ஈ.சி 21320-1 என்ற சர்வதேசத் தரமும் வந்தது. அந்தத் தரம் சொல்வது ஏறத்தாழ நான் மேலே சொன்னதேதான்: சுருக்கினால் டிஃப்ளேட், இல்லையென்றால் சுருக்காமல் வை, பாஸ்வேர்ட் பூட்டுக் கூடாது, துண்டாக்கக் கூடாது. நீண்ட காலத்துக்கு, எல்லா இடத்திலும் திறக்க வேண்டிய ஸிப் எது என்று யாராவது உங்களிடம் வாதாடினால் இந்தத் தரத்தைக் காட்டுங்கள்.

இன்னொன்றும் உண்டு. நீங்கள் வேர்டில் தட்டெழுதிச் சேமிக்கிற டொக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஸிப் பொதிதான். எக்செல்லின் எக்ஸ்எல்எஸ்எக்ஸ், லிப்ரே ஒஃபிஸின் ஓடிடி, ஈபப் மின்னூல், அன்ட்ராய்ட் செயலியின் ஏபிகே, எல்லாமே ஸிப். நம்பிக்கை இல்லையென்றால் ஒரு டொக்எக்ஸ் கோப்பைப் படியெடுத்து, பின்னொட்டை ஸிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள், உள்ளே கோப்புறைகள் இருக்கும். ஸிப்பைத் திறக்கத் தெரியாத கணினி ஒன்று நாளைக்கு வருமென்றால் அது உலகத்தின் அலுவலகக் கோப்புகளில் பெரும்பகுதியையும் திறக்காது. அப்படி ஒன்றை யாரும் செய்யமாட்டார்கள்.

சரி, இனி எங்களுக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அறிவுரைகள் இதைத் தொடுவதில்லை. தமிழ்க் கோப்புப் பெயர்கள்.

1989இல் ஸிப் வந்தபோது யுனிகோட் கிடையாது. கோப்புப் பெயரை அந்தந்தக் கணினியின் உள்ளூர் எழுத்துப் பட்டியலின்படி எழுதினார்கள். யப்பான்காரருக்கும் ரஷ்யருக்கும் விண்டோஸில் அப்படி ஒரு பட்டியலாவது இருந்தது. தமிழுக்கு அதுவும் இல்லை. விண்டோஸ் 2000இல் தமிழ் உள்ளே வந்தபோதே யுனிகோட் வழியாக மட்டும்தான் வந்தது. அதனால் விண்டோஸ் எக்ஸ்பியிலும் 7இலும் வலச்சொடுக்கில் வருகிற ஸிப் வசதியால் தமிழ்ப் பெயருள்ள கோப்பைப் பொதியவே முடியாது. இந்த எழுத்துகளைப் பாவிக்க முடியாது என்று சொல்லி நின்றுவிடும். உங்கள் வாசிகசாலைக் கணினியில் இதைக் கட்டாயம் சந்தித்திருப்பீர்கள். கனக்கப் பேர் ராருக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

2006இல் ஸிப் விபரக் குறிப்பில் ஒரு திருத்தம் வந்தது. ஒவ்வொரு கோப்பின் தலைக்குறிப்பிலும் ஒரு சிறு கொடியை உயர்த்தினால், இந்தப் பெயர் யூ.டி.எஃப்-8 என்று அர்த்தம். விண்டோஸ் 8 முதல் உள்ளமைந்த கருவி இதைச் சரியாகக் கையாள்கிறது. விண்டோஸ் 7க்கு என் தீர்வு, அந்த ஒரு கணினியில் 7-ஸிப் செயலியை நிறுவுங்கள். அது இலவசம், திறந்த மூலம், பழைய விண்டோஸிலும் ஓடும். பொதியும்போது வடிவம் என்ற இடத்தில் 7ஸெட் என்பதை மாற்றி ஸிப் என்று தெரிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். உள்ளூர்ப் பட்டியலில் இல்லாத எழுத்தைக் கண்டால் அது தானாகவே அந்தக் கொடியை உயர்த்தி யூ.டி.எஃப்-8இல் எழுதிவிடும். தமிழ் எழுத்து எந்தப் பட்டியலிலும் இல்லாததால் எங்கள் பெயர்களுக்கு எப்போதும் சரியாக வரும்.

மக்கில் வேறு கதை. அதன் உள்ளமைந்த கருவி பெயர்களை யூ.டி.எஃப்-8இல்தான் எழுதும், ஆனால் நீண்டகாலமாகக் கொடியை உயர்த்தாமல் விட்டுவந்தது. ரொறன்ரோவில் இருந்து வருகிற பொதியை நீங்கள் விண்டோஸில் திறந்தால் பெயர்கள் கிறுக்கல் கிறுக்கலாகத் தெரிவது இதனால்தான். கோப்புக்கு ஒன்றும் நடக்கவில்லை, பெயர் மட்டும் தவறாக வாசிக்கப்படுகிறது. அதே பொதியை உபுண்டுவில் திறந்து பாருங்கள், அனேகமாகச் சரியாக வரும். அதோடு மக்கில் இருந்து வரும் பொதிக்குள் மக்ஓஎஸ்எக்ஸ் என்று ஒரு கோப்புறையும், புள்ளியில் தொடங்கும் குட்டிக் கோப்புகளும் கிடக்கும். அவை மக்கின் சொந்தக் குறிப்புகள், நீக்கிவிடலாம்.

இதைவிட நுட்பமான ஒன்று இருக்கிறது. 'பொங்கல்' என்ற சொல்லை எடுங்கள். முதல் எழுத்தில் உள்ள ஒகரக் குறியை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாக எழுதலாம், அல்லது எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியாக அடுத்தடுத்து எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு இரண்டும் வேறு. ஓகாரம், ஔகாரத்துக்கும் இப்படித்தான். மக்கின் பழைய எச்.எஃப்.எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களை எப்போதும் பிரித்து வைக்கும். 2017இல் வந்த அதன் புதிய முறைமையான ஏ.பி.எஃப்.எஸ், பெயரை வந்தபடியே வைக்கும். இதன் விளைவு, பழைய மக்கொன்றில் பொதிந்த 'பொங்கல்' கோப்பை உபுண்டுவில் விரித்து, விசைப்பலகையில் பொங்கல் என்று தட்டித் தேடினால் கிடைக்காது. கண்ணுக்கு முன்னால் இருக்கும், தேடலில் இராது. நீங்கள் அனுப்பிய கோப்பு திரும்பி வரும்போது அதே பெயரில் இரண்டு கோப்புகள் ஒரே கோப்புறையில் நிற்பதும் உண்டு. இது ஸிப்பின் குறை இல்லை, எந்த வடிவத்தில் கட்டினாலும் நடக்கும். கோயில், தோட்டம், கொக்கிளாய், ஒட்டுசுட்டான் பொதுநோக்கு மண்டபம் என்று எங்கள் பெயர்களில் இந்தக் குறிகள் எத்தனை தரம் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள், ஏன் இதை இவ்வளவு சொல்கிறேன் என்று விளங்கும்.

அடுத்தது நீளம். யூ.டி.எஃப்-8இல் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் வேண்டும், புள்ளிக்கும் கொம்புக்கும் காலுக்கும் தனித்தனியாக 3. 'வற்றாப்பளைப் பொங்கல்' என்பது எங்கள் கண்ணுக்குப் பதினொரு எழுத்து. கணினிக்கு 19 குறிகளும் ஒரு இடைவெளியும், மொத்தம் 58 பைட். லினக்ஸில் வழமையான கோப்பு முறைமை ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம் தரும், அதாவது 85 தமிழ்க் குறிகள். விண்டோஸோ பைட்டை எண்ணாது, 255 குறிகள் வரை விடும். ஆகவே 'கமக்காரர் அமைப்பின் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் நீர்ப்பங்கீடு பற்றி எடுக்கப்பட்ட தீர்மானங்களின் கையெழுத்துப் பிரதி' என்று முழு வசனமாக நீங்கள் விண்டோஸில் வைத்த பெயர், பாடசாலை உபுண்டுவில் விரியாது. பெயர் மிக நீளம் என்று சொல்லி அந்தக் கோப்பை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை விரிக்கும். கவனிக்காவிட்டால் ஒரு கோப்பு குறைந்ததே தெரியாது.

நான் செய்வது இது: கோப்புக்கு ஆண்டும் இலக்கமும் முதலில், பிறகு ஒன்றிரண்டு தமிழ்ச் சொல். '1994-017 நீர்ப்பங்கீடு' என்பது போல. முழு விபரம் ஒரு பட்டியலில், பட்டியல் அதே பொதிக்குள். பெயர் எங்காவது சிதைந்தாலும் இலக்கம் சிதையாது, இலக்கத்தை வைத்துப் பட்டியலில் பிடித்துவிடலாம். தமிழ்ப் பெயரே வைக்காதே என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளை ஒன்று கோப்புறையைத் திறந்ததும் எங்கள் எழுத்தில் பெயர் தெரிய வேண்டும்.

சரி, பெயரை விட்டுப் பொதியின் உள்ளமைப்புக்கு வருவோம். நான் ஸிப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு மனதளவில் பெரிய காரணம் இதுதான்.

ஸிப் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகச் சுருக்கி அடுக்குகிறது. 7ஸெட் தன் வழமைப்படி பல கோப்புகளை ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகச் சுருக்குகிறது. டார்-ஜிஸெட்டும் அப்படித்தான், முழுவதும் ஒரே ஓட்டம். ஒட்டிச் சுருக்கினால் அளவு குறையும், உண்மை. ஆனால் நடுவில் ஓரிடம் பழுதானால் அதற்குப் பின்னால் அந்தக் கட்டியில் உள்ளவை எல்லாம் சேர்ந்து போய்விடும். ஸிப்பில் பழுதான இடத்தில் இருந்த கோப்பு மட்டும் போகும்.

2011இல் எங்கள் சொந்தக்காரக் குடும்பம் ஒன்று மீள்குடியேறி வந்திருந்தது. வீட்டில் ஒரு படமும் மிஞ்சவில்லை. வெளிநாட்டில் இருந்த உறவினர், தன்னிடம் இருந்த பழைய கல்யாணப் படங்களை ஸ்கான் செய்து, 7ஸெட்டாகக் கட்டி ஐந்து துண்டாகப் பிரித்து, ஐந்து சீடியில் எழுதி ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். மூன்றாவது சீடி வழியில் உடைந்துவிட்டது. என்னிடம் கொண்டுவந்தார்கள். நாலு சீடி நல்லாக இருந்தும் ஒரு படத்தைக்கூட என்னால் எடுக்க முடியவில்லை. ஐந்து தனித்தனி ஸிப்பாகக் கட்டியிருந்தால் ஐந்தில் நாலு பங்குப் படங்கள் அன்றைக்கே அவர்கள் கையில் இருந்திருக்கும். திருப்பி அனுப்புவித்து வர ஏழு மாதம் எடுத்தது. அந்த வீட்டு அம்மம்மா அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

2008, 2009 இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பரீட்சைச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு ஓடி, அந்தப் பை தவறியதோடு எல்லாம் போன குடும்பங்கள் எங்கள் பக்கம் கனக்க. ஒன்று தவறினால் எல்லாம் போகிற மாதிரிக் கட்டக்கூடாது, அதனால் ஒரே பொதியைத் துண்டாகப் பிரிக்கிற வேலையை நான் யாருக்கும் சொல்வதில்லை. 60 ஜிபியை ஒரே பொதியாக்காதீர்கள். ஆண்டுக்கு ஒன்று, அல்லது விடயத்துக்கு ஒன்று என்று தனித்தனிப் பொதிகள் ஆக்குங்கள். ஒவ்வொன்றும் தன்பாட்டில் திறக்க வேண்டும்.

ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? பழைய ஸிப்பில் ஒரு கோப்பும் முழுப் பொதியும் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, 65,535 கோப்புக்கு மேல் அடங்காது. 2001இல் ஸிப்64 என்ற நீட்டிப்பு அந்த வரம்பை எடுத்துவிட்டது, ஆனால் எக்ஸ்பியின் உள்ளமைந்த கருவிக்கு அது தெரியாது. ஊரில் கைமாறுகிற பென்ட்றைவ் கனக்க இன்னும் ஃபட்32 முறையில் இருக்கும், அதிலும் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்புப் போகாது. வட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்ப 2 ஜிபி வரை விடும். ஆனால் எங்கள் பக்கத்துச் சிக்னலில் 2 ஜிபி ஏற்றி முடிப்பதற்குள் கரண்ட் போகும், டேட்டா முடியும், எல்லாம் நடக்கும். நான் 500 எம்பிக்குள் வைத்துக்கொள்வேன். அறுந்தால் அந்த ஒன்றை மட்டும் திருப்பி ஏற்றலாம்.

அறுந்த ஸிப் ஏன் திறக்காது என்று கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஸிப்பின் அட்டவணை கடைசியில் இருக்கிறது. புத்தகத்தின் பொருளடக்கத்தைப் பின்னட்டையில் அடித்த மாதிரி. பாதி இறங்கிய பொதியில் பொருளடக்கம் வந்து சேர்ந்திராது, ஆகவே பொதி செல்லாது என்று சொல்லும். 'பொதி பழுது' என்று யாராவது சொன்னால் முதலில் அளவை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் பாதிதான் இறங்கியிருக்கும். பாதி இறங்கியதிலும்கூட ஒவ்வொரு கோப்பின் முன்னாலும் சிறு தலைக்குறிப்பு இருப்பதால், திருத்தும் கருவிகளால் வந்த மட்டில் மீட்கலாம்.

சுருக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. 7ஸெட் ஸிப்பைவிட நன்றாகச் சுருக்கும் என்பது எழுத்துக் கோப்புகளில் உண்மை. ஆனால் நீங்கள் வைத்திருப்பது ஜேபெக் படங்கள், பிடிஎஃப், எம்பி3. இவை ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. பிழிந்த தேங்காய்ப்பூவை எத்தனை தரம் பிழிந்தாலும் பால் வராது. எந்த வடிவத்திலும் அளவு ஏறத்தாழ அதேதான், நேரம் மட்டும் போகும். ஆகவே 7-ஸிப்பில் சுருக்க அளவு என்ற இடத்தில் சுருக்காமல் சேர்ப்பதைத் தெரிவு செய்யுங்கள். பழைய கணினியில் வேலை சட்டென்று முடியும், பொதி பிற்காலத்தில் பழுதானாலும் படத்தின் பைட்டுகள் உள்ளே அப்படியே இருப்பதால் மீட்பதும் சுலபம். டிஃப் வடிவத்தில் சுருக்காமல் ஸ்கான் செய்தவை இருந்தால் அவற்றுக்கு மட்டும் டிஃப்ளேட் போடுங்கள், நன்றாகக் குறையும்.

பொதியாக அனுப்புவதில் இன்னொரு நன்மை, வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது தரத்தைக் குறைத்துவிடும். ஸிப்புக்குள் போனால் தொடாது.

இனி மற்றவர்கள் சொன்னவை. ராரை 1993இல் யூஜீன் ரொஷால் என்ற ரஷ்யர் உருவாக்கினார். அதில் ஒரு நல்ல விடயம் உண்டு, மீட்புப் பதிவு என்று கூடுதல் தரவு சேர்த்துவைத்தால் சிறு பழுதைத் தானே திருத்தும். அதை நான் மதிக்கிறேன். ஆனால் ரார் பொதியைத் திறக்கத்தான் யாருக்கும் அனுமதி, உருவாக்குவதற்கு அவர்களுடைய மென்பொருள்தான் வேண்டும். 2013இல் ரார்5 வந்தபோது பழைய திறப்பிகள் புதிய பொதியைத் திறக்காமல் நின்றன. ஒரு நிறுவனத்தின் கையில் உள்ள வடிவத்தில் ஊரின் நினைவுகளை வைக்க எனக்கு விருப்பமில்லை.

தம்பி சொன்ன டார், 1979ஆம் ஆண்டின் யுனிக்ஸ் இயங்குதளத்தில் காந்த நாடாவில் எழுதுவதற்காக வந்தது. லினக்ஸ் கோப்புகளின் உரிமை, அனுமதி, இணைப்புகள் எல்லாவற்றையும் அப்படியே காக்கும். ஒரு இணையத்தளத்தின் சேர்வரைக் காப்புப் பிரதி எடுக்கிறீர்கள் என்றால் தம்பி சொல்வதே சரி, ஸிப் அதற்குப் பொருந்தாது. 2018 முதல் விண்டோஸ் 10இலும் டார் கட்டளை இருக்கிறது. ஆனால் கட்டளை தட்டுவது எல்லோருக்கும் ஏலாது, போனில் திறப்பதும் சிரமம். தமிழுக்கு ஒரு சின்ன இடறலும் உண்டு: பழைய டார் அமைப்பில் பெயருக்கு 100 பைட் இடம்தான், எங்களுக்கு 33 குறிகள். பிற்கால நீட்டிப்புகள் அதைத் தீர்த்துவிட்டன, இருந்தாலும் பழைய கருவியொன்றில் பெயர் வெட்டுப்படலாம். ஸெட்ஸ்டாண்டர்ட் என்று முகநூல் நிறுவனம் 2016இல் வெளியிட்ட முறை வேகத்திலும் சுருக்கத்திலும் நன்று, ஆனால் உங்கள் வாசிகசாலைக்கு அது இன்னும் கன காலம் தள்ளி.

பாஸ்வேர்ட் விடயத்தில் மட்டும் நான் ஸிப்பை விட்டு 7ஸெட்டுக்குப் போகச் சொல்வேன். காணிப் பிணக்குகள், காணாமல் ஆக்கப்பட்டோரைப் பற்றி உறவுகள் சொன்ன வாக்குமூலங்கள் போன்றவை உங்களிடம் வந்து சேரலாம். ஸிப்பின் பழைய பூட்டு பலவீனமானது. அதை உடைக்கும் வழியை 1994இலேயே இரண்டு ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். ஏ.ஈ.எஸ் என்ற வலுவான பூட்டுப் போட்ட ஸிப்போ விண்டோஸின் உள்ளமைந்த கருவியில் திறக்காது. எந்தப் பூட்டுப் போட்டாலும் வழமையான ஸிப்பில் உள்ளே உள்ள கோப்புப் பெயர்கள் வெளியே தெரியும். கோப்புக்கு ஒருவருடைய பெயரை வைத்திருந்தால், திறக்காமலே அந்தப் பெயர் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவற்றை 7ஸெட்டில் ஏ.ஈ.எஸ்-256 பூட்டோடு, கோப்புப் பெயர்களையும் மறை என்ற கட்டத்தை மறக்காமல் தெரிவு செய்து கட்டுங்கள். பாஸ்வேர்டை அதே மின்னஞ்சலில் எழுத வேண்டாம், தொலைபேசியில் சொல்லுங்கள். இவை வழமைக்கு வெளியே நிற்பவை. பொதுவான பொதிகளுக்குப் பூட்டே வேண்டாம், பத்து வருடத்துக்குப் பிறகு பாஸ்வேர்ட் தெரிந்தவர் வாசிகசாலையில் இருப்பாரா என்று யோசியுங்கள்.

திகதி பற்றி ஒன்று சொல்ல ஆசை. அடிப்படை ஸிப் கோப்பின் நேரத்தை அந்தக் கணினியின் மணிக்கூடு காட்டியபடியே எழுதும், எந்த நாட்டு நேரம் என்று எழுதாது. எங்கள் ஆட்களுக்கு இது புதுசில்லை. 1996இல் அரசாங்கம் நேரத்தை முன்தள்ளியது, பிறகு அரை மணி நேர வித்தியாசத்தில் நிறுத்தியது, 2006 ஏப்ரலில்தான் பழையபடிக்கு வந்தது. அந்தக் காலம் முழுக்க, புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி பழைய நேரத்திலேயே இருந்தது. அன்றைய எல்லைச் சாவடியான ஓமந்தையைத் தாண்டினால் மணிக்கூட்டை அரை மணி மாற்ற வேண்டும். 2003, 2004இல் எடுத்த டிஜிற்றல் படங்கள் உங்களிடம் இருந்தால் எந்தப் பக்கத்துக் கமெரா என்று பட்டியலில் எழுதி வையுங்கள். ஆண்டைக் கோப்பின் பெயரிலேயே போடச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

கடைசியாகப் பாமினி. 2000களில் இங்கே தட்டெழுதிய அறிக்கைகள், மலர்கள் எல்லாம் அனேகமாகப் பாமினி எழுத்துருவில்தான் இருக்கும். அதில் கணினிக்குத் தெரிவது ஆங்கில எழுத்துகள்தான், மெய்யின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசை. எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் குவியலாகத் தெரியும். பொதி எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதைத் திருத்தாது. ஆகவே அந்த எழுத்துருக் கோப்பையும் அதே பொதிக்குள் போடுங்கள், அதோடு ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடிஎஃப் படியும் எடுத்து வையுங்கள். நேரம் கிடைக்கிறபோது யுனிகோடுக்கு மாற்றலாம்.

அறுபது ஜிபியிலும் கைவைக்க முதல் ஒரு சின்னப் பொதி கட்டுங்கள். மூன்று கோப்புப் போதும்: பொங்கல் என்ற பெயரோடு ஒரு படம், கோயில் என்ற பெயரோடு ஒரு பிடிஎஃப், நீளமான பெயரோடு ஒரு குரல் பதிவு. வாசிகசாலைக் கணினியில் 7-ஸிப்பால் ஸிப்பாகக் கட்டி, அதிலேயே உள்ள சோதிக்கும் வசதியால் ஒருதரம் சோதித்துவிட்டு, பாடசாலை உபுண்டுவிலும் யாராவது ஒருவரின் போனிலும் திறந்து பாருங்கள். ரொறன்ரோவுக்கும் அனுப்பி, விரித்ததைத் திருப்பி அவர்களையே பொதிந்து அனுப்பச் சொல்லுங்கள். திரும்பி வந்ததில் பொங்கல் என்று தேடினால் கிடைக்கிறதா, மூன்று கோப்பும் இருக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். கிடைக்காவிட்டால் பெயர்களை ஒரே சீராக மாற்ற ஒரு சின்ன நிரல் எழுதி அனுப்புகிறேன்.